கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்க ஆசைப்படும் மகள்: 65,000 டாலர் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் ஐ.டி. கம்பெனியில் வேலை. மகள் இங்கேயே பிறந்தவள், இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறாள். கிரிமினல் ஜஸ்டிஸ் (குற்றம், போலீஸ், நீதிமன்றம், சிறை பற்றிய படிப்பு) படித்து, மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் சேர வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேறு மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையும் அவள் பெயரிலான கடனும் போக, நாங்களும் நான்கு வருடத்தில் சுமார் 65,000 டாலர் கடன் வாங்க வேண்டியிருக்கும். இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்திலும் இடம் இருக்கிறது. அங்கே சேர்ந்தால் அவள் பெயரிலான கடனோடு சமாளித்துவிடலாம். உறவினர்களோ, “அதெல்லாம் ஒரு படிப்பா? கம்ப்யூட்டர் சயின்ஸில் போடு” என்கிறார்கள். பெண் பிள்ளை போலீஸ் வேலைக்குப் போவதா என்று எனக்கும் உள்ளூர பயம்தான். இந்தப் படிப்புக்குப் பணமதிப்பு உண்டா? அவளைத் தடுக்க வேண்டுமா?

– ஒரு தாய், நியூ ஜெர்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. மகள் இந்தத் துறைக்குப் போகலாமா என்பது ஒன்று. அதற்காக 65,000 டாலர் கடன் வாங்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: தாராளமாகப் போகட்டும். இரண்டாவதற்கு: வேண்டவே வேண்டாம்.

அவள் எஃப்.பி.ஐ. என்று சொல்வதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மகளைப் போலவே ஒரு பெண் தன் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்திருந்தாள். எஃப்.பி.ஐ. சிறப்பு முகவர் வேலைக்கான தகுதிப் பக்கத்தைத் திறந்து மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, “இதில் கிரிமினல் ஜஸ்டிஸ் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது, காட்டு” என்றேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். குடியுரிமை இருந்தது. வயது 23 முதல் 36 வரை என்று இருந்தது. ஓட்டுநர் உரிமம் இருந்தது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஓர் இளநிலைப் பட்டம் என்று இருந்தது. முழுநேர வேலையில் இரண்டு வருட அனுபவம் என்றும் இருந்தது. அவள் தேடிய வார்த்தை மட்டும் கடைசி வரை வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் உங்கள் மகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பட்டம் வேண்டும், ஆனால் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். அடுத்தது, 22 வயதில் பட்டம் வாங்கிய கையோடு உள்ளே போக முடியாது. நடுவில் இரண்டு வருடம் வேறு எங்கேயாவது வேலை பார்த்தாக வேண்டும். அந்த முதல் வேலை என்ன என்பதுதான் உண்மையான கேள்வி. அங்கே அவள் எதில் கைதேர்ந்தவளாக ஆகிறாள் என்பதை வைத்துத்தான் பின்னால் அவளை எடைபோடுவார்கள். கணக்கியல், சட்டம், கணினி, பிறமொழி என்று ஒரு கைத்திறனோடு வருபவர்களை எஃப்.பி.ஐ. எப்போதுமே தேடுகிறது.

இதே விஷயம் வருமான வரித் துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவில் இன்னும் பளிச்சென்று தெரியும். அல் கபோன் என்ற பெரிய தாதாவை 1931-ல் உள்ளே தள்ளியது கொலை வழக்கு அல்ல, வரி ஏய்ப்பு வழக்கு. கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர்கள் கட்டிய வழக்கு அது. அந்தப் பரம்பரையில் வந்த இன்றைய பிரிவில் முகவராகச் சேர, படிப்பை வைத்துத் தகுதி காட்டுபவர்களிடம் கணக்கியலில் 15 கிரெடிட்டும், நிதி, பொருளாதாரம், வரிச் சட்டம் போன்றவற்றில் இன்னும் 9 கிரெடிட்டும் கேட்கிறார்கள். மொத்தம் 24 கிரெடிட், ஏறக்குறைய எட்டுப் பாடங்கள். கிரிமினல் ஜஸ்டிஸை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டே, ஒவ்வொரு பருவத்திலும் இந்தப் பாடங்களில் ஒன்றையும் சேர்த்துப் படித்தால் நான்கு வருடத்தில் இது முடிந்துவிடும். துப்பாக்கியும் பேட்ஜும் உள்ள வேலைதான் அதுவும். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதே பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

சரி, உள்ளூர் போலீஸ்? குற்றத் தடுப்பை ஆராய்ந்த அமெரிக்க அதிபரின் குழு 1967-லேயே, போலீஸ்காரர்கள் எல்லோரும் ஒரு நாள் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த வருடமே சட்டம் வந்தது, போலீஸ்காரர்கள் கல்லூரிக்குப் போக மத்திய அரசின் பணமும் வந்தது. நாடு முழுக்கக் கல்லூரிகளில் கிரிமினல் ஜஸ்டிஸ் துறைகள் மளமளவென்று முளைத்தது அந்தப் பணத்தால்தான். இத்தனை வருடம் கழித்தும் பெரும்பாலான காவல் துறைகள் பள்ளிப் படிப்பை மட்டும்தான் கட்டாயமாகக் கேட்கின்றன. இரண்டு வருடப் பட்டம் வேண்டும் என்று வைத்திருக்கும் மின்னசோட்டா ஒரு விதிவிலக்கு. நியூயார்க் நகரக் காவல் துறை 60 கல்லூரி கிரெடிட் கேட்டுக்கொண்டிருந்தது. ஆள் கிடைக்காமல் 2025-ல் அதையும் 24 ஆகக் குறைத்துவிட்டது. அங்கே எழுத்துத் தேர்வு, உடல் தேர்வு, பின்புல விசாரணை, அப்புறம் சம்பளத்தோடு அகாடமி பயிற்சி என்றுதான் வழி. நான்கு வருடம் படித்தவளும் பள்ளி முடித்தவனும் அகாடமியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்கள்.

அதனால் பட்டம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பதவி உயர்வின்போது பல இடங்களில் அது எண்ணப்படும். சில துறைகள் பட்டத்துக்கென்றே சம்பளத்தைக் கூட்டித் தருகின்றன. மாசசூசெட்ஸில் 1970-ல் வந்த ஒரு சட்டம், இந்தத் துறையில் இரண்டு வருடப் பட்டத்துக்கு 10 சதவீதம், நான்கு வருடப் பட்டத்துக்கு 20, முதுநிலைக்கு 25 என்று அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தது. 2009-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் சலுகை இல்லை. அதனால் “பட்டத்துக்குக் கூடுதல் பணம் தருவார்கள்” என்று கல்லூரிக்காரர்கள் சொன்னால், எந்த ஊரில், இப்போதும் உண்டா என்று கேளுங்கள்.

சம்பளத்தை அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத்தில் பார்க்கலாம். நான் சொல்வது 2023 மே மாத நடுமட்டச் சம்பளம். அதாவது, எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது, புதிதாகச் சேர்பவர் வாங்குவது அல்ல. போலீஸும் துப்பறிவாளர்களும் ஆண்டுக்கு 74,910 டாலர். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விட்டவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர்கள் (probation officers) 61,800. வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பாராலீகல்கள் 60,970. அதே கணக்கில் கணக்காளர்கள் 79,880, கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 120,360. உங்கள் உறவினர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் போலீஸ் சம்பளம் மாநிலத்துக்கு மாநிலம் மலையும் மடுவும். கலிஃபோர்னியாவில் சராசரியே ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், மிசிசிப்பியில் ஐம்பதாயிரத்தைத் தொடாது. படிப்பைத் தேர்ந்தெடுப்பதைவிட எந்த ஊரில் வேலை என்பதைத் தேர்ந்தெடுப்பது சில சமயம் பெரிய பண முடிவாகிவிடும்.

ஐ.டி. குடும்பங்கள் பார்க்கத் தவறும் ஒன்றும் இதில் உண்டு. பென்ஷன். உங்கள் கணவரின் கம்பெனி ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் சாகும் வரை பணம் அனுப்பப் போவதில்லை. மத்திய அரசின் சட்ட அமலாக்க அதிகாரிகளுக்கு, 50 வயதும் 20 வருடச் சேவையும் இருந்தால் ஓய்வு பெறலாம். முதல் 20 வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு 1.7 சதவீதம் என்று எண்ணுகிறார்கள். அதிகம் சம்பாதித்த மூன்று வருடச் சராசரியில் 34 சதவீதம் பென்ஷனாக வரும். 57 வயதில் கட்டாய ஓய்வு. அதிலிருந்து 20-ஐக் கழித்தால் 37, அந்த வயது ஆவதற்குள் சேர்ந்தாக வேண்டும். சேரும் வயதுக்கு வரம்பு ஏன் அங்கே நிற்கிறது என்பது இப்போது விளங்கும். இது போக, நேரம் காலம் இல்லாமல் கூப்பிட்டால் வர வேண்டும் என்பதற்காக இந்தப் புலனாய்வாளர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள். உங்கள் மகள் அதுவரை போய்ச் சேர்ந்தால் பணத்துக்குக் குறைவிருக்காது. போய்ச் சேரும் வரை உள்ள வருடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கடனுக்கு வருகிறேன். பெற்றோரைச் சார்ந்த மாணவர் மத்திய அரசுக் கடனாக முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, மூன்றிலும் நான்கிலும் 7,500 டாலர் வாங்கலாம். கூட்டினால் 27,000. 2025–26க்கான 6.39 சதவீத வட்டியை வைத்து பத்து வருடத்தில் அடைக்க, மாதம் சுமார் 305 டாலர் ஆகும். ஒவ்வொரு ஜூலையிலும் புதிய கடன்களுக்கு வட்டி மாறும், ஆனாலும் இந்த அளவில்தான் இருக்கும். நன்னடத்தை அலுவலராகத் தொடக்கச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் இதைக் கட்டிக்கொண்டே வாடகையும் கொடுத்துவிடலாம்.

இப்போது உங்கள் பெயரில் வரும் 65,000. பிள்ளையின் படிப்புக்காக மத்திய அரசு பெற்றோருக்குத் தரும் கடனுக்கு 2025–26 வட்டி 8.94 சதவீதம். பத்து வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 821 டாலர். கட்டி முடிக்கும்போது 98,500 டாலர் போயிருக்கும். அவள் படிக்கும் காலத்தில் தவணையைத் தள்ளிப்போட்டால் அப்போதும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், இந்தத் தொகை இன்னும் கூடும். 2026 ஜூலையிலிருந்து ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் வாங்கக்கூடிய மொத்த வரம்பே 65,000 டாலர்தான். நடுவில் கட்டணம் உயர்ந்தாலோ ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேர்ந்தாலோ, மத்திய அரசிடம் மேலும் கேட்க உங்களுக்கு இடமே இருக்காது. தனியார் வங்கிக் கடன்தான் மிஞ்சும்.

“வேலைக்குப் போனதும் நானே கட்டிவிடுகிறேன் அம்மா” என்று அவள் சொல்லியிருப்பாள். மனதாரத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் சட்டப்படி அது உங்கள் கடன். அரசு வேலையில் பத்து வருடம், 120 தவணை கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2007 முதல் இருக்கிறது. போலீஸ், நன்னடத்தை அலுவலர், அரசு வழக்கறிஞர் அலுவலகம் எல்லாம் அதில் சேரும். வருமானத்துக்கேற்ற தவணையில் கட்டினால் அவளுடைய 27,000-க்கு அது உதவலாம். உங்கள் 65,000-க்கு அவள் பார்க்கும் அரசு வேலை கணக்கில் வராது. கடன் வாங்கியவர் எங்கே வேலை பார்க்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் கணவருக்குத் தனியார் கம்பெனி. இதைக் கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொண்ட பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எனக்கு மறக்கவில்லை.

பணத்தையும் வேலையையும் ஒன்றாகக் கட்டும் ஒரு விஷயம் இருக்கிறது. அரசு உத்தரவாதமுள்ள மாணவர் கடனைக் கட்டாமல் விட்டுவிட்டவர்களை எஃப்.பி.ஐ. எடுப்பதில்லை. அது தானாகவே தகுதியிழப்பு. மற்றத் துறைகளும் பின்புல விசாரணையில் கடன் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும். பணக் கஷ்டத்தில் இருப்பவரை விலைக்கு வாங்குவது எளிது என்பதுதான் காரணம். அந்த வேலைக்காக வாங்கும் கடனே தவறினால் அந்த வேலைக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

சரி, கூடுதலாகக் கொட்டும் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? இந்தத் துறையில் பெயர் பெற்ற இடங்களைப் பாருங்கள். மிச்சிகன் ஸ்டேட்டில் 1935 முதல் நடக்கிறது. நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி 1964-ல் தொடங்கியது. ஆல்பனி, மேரிலாந்து, உங்கள் மாநிலத்திலேயே ரட்கர்ஸ்–நியூவார்க். எல்லாமே அரசுக் கல்லூரிகள். வேறு சில படிப்புகளில் தனியார் கல்லூரியின் பெயருக்கு ஒரு விலை இருக்கலாம். இதில் வேலைக்கு எடுப்பவர் அந்தப் பெயரைப் பார்த்து ஒரு டாலர்கூடக் கூட்டித் தர மாட்டார். 2024–25-ல் நாடு முழுவதற்குமான சராசரிக் கட்டணத்தைப் பாருங்கள். சொந்த மாநில அரசுக் கல்லூரியில் வருடத்துக்கு 11,610 டாலர், தனியாரில் 43,350. இரண்டு வருடப் பட்டம் தரும் கம்யூனிட்டி காலேஜில் 4,050தான். நியூ ஜெர்சியில் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கல்லூரி என்று சொல்லும் இந்த வகைக் கல்லூரியில் இரண்டு வருடப் பட்டம் முடித்துவிட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால், அந்தக் கிரெடிட்டுகளை முழுதாக ஏற்றுக்கொள்ளச் சட்டமே இருக்கிறது. அதை ஒரு மாற்றுக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம்.

படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல துறையில் சேர்ந்தால் புள்ளியியல் சொல்லித்தருவார்கள், ஆய்வு முறைகள் சொல்லித்தருவார்கள், சாட்சியம் எப்படி நிற்கிறது எப்படி விழுகிறது என்று சொல்லித்தருவார்கள். சிறையிலிருந்து வெளியே வருபவர் ஏன் மறுபடியும் உள்ளே போகிறார் என்று யோசிக்கப் பழக்குவார்கள். நன்னடத்தை அலுவலர் வேலைக்கு இதெல்லாம் நேரடியாகக் கைகொடுக்கும். அந்த வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் பட்டம் கட்டாயம் என்பதால், இந்தப் படிப்புக்கு மிகப் பொருத்தமான கதவு அதுதான் என்பது என் எண்ணம். தடய அறிவியல் ஆய்வகம் அவள் மனதில் இருந்தால் கதை வேறு. டி.என்.ஏ. ஆய்வாளருக்கு உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் படித்திருக்க வேண்டும். கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டம் அந்த அறைக்குள் விடாது. சட்டக் கல்லூரி என்றால் எந்தப் பட்டமும் போதும், நல்ல மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும்தான் முக்கியம்.

உங்கள் பயத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கப் போலீஸில் பெண்கள் எட்டில் ஒருவர் அளவுதான். இரவுப் பணி, பண்டிகை நாளில் பணி, பார்க்கக் கூடாததைப் பார்ப்பது எல்லாம் இருக்கும். உங்கள் பயம் நியாயமானது, அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் பயத்தைப் பணக் கணக்கின் பின்னால் ஒளித்துவைத்து “இதில் சம்பளம் இல்லை” என்று சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு நீங்கள் சொல்லும் கடன் கணக்கையும் நம்ப மாட்டாள்.

மத்திய அரசு வேலைக்கு வந்தால் பின்புல விசாரணைப் படிவம் ஒன்று வரும். அமெரிக்கர் அல்லாத யாரோடு நெருங்கிய தொடர்பு, எந்த நாட்டுக்கு எப்போது பயணம், வெளிநாட்டில் சொத்து உண்டா என்று கேட்கும். மதுரையில் பாட்டி இருப்பதோ, வருடா வருடம் ஊருக்குப் போய்வருவதோ குற்றம் இல்லை. மறைப்பதுதான் குற்றம். ஊர் நிலத்தை அவள் பெயரில் எழுதிவைக்கும் எண்ணம் இருந்தால், அவள் அந்தப் படிவத்தில் அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கஞ்சா பல மாநிலங்களில் சட்டப்படி கிடைக்கலாம், மத்திய அரசு அப்படிப் பார்ப்பதில்லை. இதைக் கல்லூரிக்கு அனுப்பும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை இங்கே பிறக்காமல், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்தால் இந்தப் படிப்பை ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். எஃப்.பி.ஐ. போன்ற மத்திய அமலாக்க வேலைகளுக்குக் குடியுரிமை கட்டாயம். கலிஃபோர்னியா 2023-லும் இல்லினாய் 2024-லும் வேலை செய்ய அனுமதி உள்ளவர்கள் போலீஸில் சேரலாம் என்று சட்டத்தைத் தளர்த்தின, ஆனால் பல மாநிலங்கள் அப்படி இல்லை. மாணவர் விசாவில் படிப்பவருக்குப் பிறகு கிடைக்கும் வேலை அனுமதியும் இதற்கு 12 மாதம்தான். தடய அறிவியல், கணினித் தடயவியல் போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும் 36 மாதம் வரை நீளும்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான். அரசுப் பல்கலைக்கழகத்தில் கிரிமினல் ஜஸ்டிஸில் சேரட்டும். முதல் பருவத்திலேயே கணக்கியலோ கணினியோ புள்ளியியலோ ஒன்றைத் துணைப்பாடமாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதையே முதன்மைப் பாடமாக்கிக்கொண்டு கிரிமினல் ஜஸ்டிஸைத் துணைப்பாடமாக வைத்தாலும் எனக்குச் சம்மதம், அவள் கனவுக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை. இரண்டாம் வருடத்திலிருந்து கோடை விடுமுறையில் கவுன்டி நன்னடத்தை அலுவலகம், அரசு வழக்கறிஞர் அலுவலகம் என்று எங்கே பயிற்சி கிடைத்தாலும் போகட்டும். அந்தப் பயிற்சியில் சந்திக்கும் ஆட்கள்தான் பிறகு அவளுக்காக ஒரு வார்த்தை சொல்பவர்கள்.

கல்லூரிக்கு முடிவு சொல்ல மே 1 வரை நேரம் இருக்கும். அதற்குள் ஒரு வார நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள். பெரும்பாலான குற்ற விசாரணைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. போலீஸ்காரர் சாட்சிக் கூண்டில் நின்று, தான் எழுதிய அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்வதை அவள் பார்க்கட்டும். நன்னடத்தை விதியை மீறிய பையன் ஒருவனுக்காக அவன் அம்மா பின் வரிசையில் உட்கார்ந்திருப்பதையும் பார்ப்பாள். திரும்பி வரும்போது காரில் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம், அவளாகப் பேசட்டும். என்ன பேசினாள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.